தொப்பி வரைந்தால் போதுமா?

படம் வரையும் ஏஐயிடம் 'ஐம்பதுகளின் இருண்ட க்ரைம் நாவல் அட்டை' என்று கேட்டுப் பாருங்கள். சாய்த்து வைத்த தொப்பி, மழை, சிகரெட் புகை, சிவப்பு கவுனில் ஒரு பெண். நாலு தடவை கேட்டேன், நாலு தடவையும் அதேதான். இயந்திரத்தைத் திட்டி என்ன ஆகப்போகிறது? மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் நான். ஊட்டியதைத்தான் அது கக்கும். என் கோபமெல்லாம் 'ரெட்ரோ' என்று சொல்லிக்கொண்டு இதையே வரையும் மனிதர்கள் மேல்.

ஜேம்ஸ் அவாட்டியைப் பார்த்திருக்கிறார்களா இவர்கள்? சிக்னெட்டின் மலிவுப் பதிப்புகளுக்காக ஃபாக்னருக்கும் எர்ஸ்கின் கால்ட்வெல்லுக்கும் அட்டை வரைந்தவர். நியூஜெர்சியில் தன் ஊரான ரெட் பேங்க்காரர்களையே மாடலாக நிறுத்தினார். அதனால்தான் அந்த முகங்களில் அப்படி ஒரு களைப்பு. காரை உதிர்ந்த சுவர், கசங்கிய படுக்கை, கதவில் சாய்ந்து நிற்கும் பெண். ஏதோ நடந்துவிட்டதா, இனிமேல்தானா, தெரியாது. துப்பாக்கி தேவைப்படவே இல்லை.

'அட்டையில் படம் இருந்தாலே மலிவு' என்கிறவர்கள் சாலிஞ்சரைச் சாட்சிக்கு இழுப்பார்கள். 1953இல் 'தி கேட்சர் இன் தி ரை'க்கு அவாட்டி வரைந்தது அவருக்குப் பிடிக்கவில்லை; பிற்பாடு படமே வேண்டாமென்றார். சரி, அவர் புத்தகம், அவர் இஷ்டம். ஆனால் இரவு நகரத்தில் சிவப்புத் தொப்பியும் பெட்டியுமாக நிற்கும் அந்தப் பையனை, நாவலைப் படிக்காத ஒருவர் வரைந்திருக்க முடியுமா?

பதிப்பாளர்களே, ஓவியருக்கு ஒரு பத்திச் சுருக்கத்தை அனுப்பாதீர்கள். முழு நாவலையும் கொடுங்கள், படிக்க ஒரு வாரமும் கொடுங்கள். அப்புறமும் அந்தத் தொப்பி வருகிறதா பார்ப்போம்.