கூண்டு இருக்கிறது... செடி எங்கே?

சென்னைத் தெருக்களில் இரும்புக் கூண்டுகளுக்குப் பஞ்சமில்லை. செடி நட்டவர் பெயர் கூண்டின் மேல் பளிச்சென்று இருக்கிறது. உள்ளே எட்டிப் பார்த்தால் செடியைக் காணோம்! காய்ந்த குச்சி ஒன்று, டீ கப் நாலு, வெற்றிலை எச்சில். அவ்வளவுதான்.

செடியைக் கொன்றது யார்? மாடா, வெயிலா? பல இடங்களில் இரண்டும் இல்லை. நட்ட தேதியும் நட்ட விதமும்தான் முதல் குற்றவாளிகள்.

தேதியே தப்பு!

ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் தினம். மேடை, மைக், மாலை மரியாதையோடு கன்று நடுகிறார்கள். உலகத்துக்கு அது நல்ல நாள்தான். சென்னைக்கு? கத்திரி முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். தார் ரோடு கொதித்துக்கொண்டிருக்கும்.

இந்த ஊருக்கு ஆண்டு மழை சுமார் 140 செ.மீ. அதில் பெரும்பகுதி கொட்டுவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. நாலு மாதம் அந்தப் பிஞ்சு வேர் எதைக் குடித்து உயிர் வாழும்?

புரட்டாசிக் கடைசியில் மண் நனைந்த பிறகு நட்டால் பாதி வேலையை வானமே பார்த்துக்கொள்ளும். குச்சி ஊன்றி, இறுக்காமல் கயிறு கட்டினால் காற்றுக்கும் தாங்கும். அடுத்த கோடையில் மட்டும் யாராவது தண்ணீர் ஊற்ற வேண்டும். முக்கியமாக, பாலிதீன் பையோடு புதைக்கக் கூடாது. பைக்குள் சுருண்ட வேர் மண்ணைப் பிடிக்காது.

வர்தா சொன்ன பாடம்

2016 டிசம்பர் 12. வர்தா புயல். மணிக்கு 100 கிலோ மீட்டருக்கு மேல் காற்று. ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன. கார்கள் நசுங்கின. மின்கம்பங்கள் முறிந்தன. பல தெருக்கள் நாள் கணக்கில் இருட்டில் கிடந்தன.

சீக்கிரம் வளரும், பூ அழகாக இருக்கும் என்று வைத்த மயில் கொன்றைகள் ஏராளமாக விழுந்தன. அது மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த மரம். கிளை லேசு, வேர் மேலாக ஓடும். ஆனால் வெளிநாட்டு மரத்தை மட்டும் திட்டிப் பயனில்லை. நாட்டு மரங்களும்தான் விழுந்தன. ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் கேபிள் பள்ளம் என்று வேரை அறுத்துவிட்டால் எந்த மரம்தான் நிற்கும்?

எந்த இடத்துக்கு எது?

கடலோரத் தெருக்களில் காற்றும் உப்பு, தண்ணீரும் உப்பு. அங்கே புன்னையும் பூவரசும் தாங்கும். மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் தல விருட்சமே புன்னைதான். பெரியவர்கள் தெரியாமலா வைத்தார்கள்?

அகலமான ரோட்டுக்கு வேம்பும் புங்கனும் சரி. கரண்ட் கம்பி போகும் சந்துக்குப் பெரிய மரமே வேண்டாம். செம்பருத்தி, நந்தியாவட்டை, பவழமல்லி போதும். ஆலும் அரசும் திறந்தவெளிக்கு. காம்பவுண்டுச் சுவர் ஓரத்தில் வைத்தால் சுவரும் போச்சு, மரமும் போச்சு!

மொட்டை மாடிக்காரர்களுக்கு...

தொட்டிச் செடியின் இலை ஓரம் கருகினால் "வெயில்தான்" என்று இன்னும் ஒரு குடம் போர் தண்ணீரை ஊற்றுகிறார்கள். பல வீடுகளில் அந்த உப்புதான் வினையே! ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரில் உப்பு இன்னும் அதிகம். அதைச் செடிக்கு ஊற்றக் கூடாது. ஏ.சி.யில் சொட்டுவது உப்பில்லாத தண்ணீர். பக்கெட் வைத்துப் பிடிக்கலாம். தொட்டியின் அடி ஓட்டை அடைபடாமல் இருந்தால், நல்ல மழையில் மண்ணில் சேர்ந்த உப்பு கழுவிப் போய்விடும்.

உப்புத் தண்ணீர்தான் கதி என்றால் ரோஜா ஆசையை விட்டுவிட்டு காகிதப்பூ, நித்தியகல்யாணி, கற்றாழை வைப்பதே புத்திசாலித்தனம்.

மூன்றடி மண் விடுங்கள்!

வாசல் சுத்தமாக இருக்கட்டும் என்று சில கடைக்காரர்கள் மரத்தின் அடிவரை சிமெண்ட் பூசிவிடுகிறார்கள். நடைபாதை போடும் காண்டிராக்டர்களும் அதையேதான் செய்கிறார்கள். மழைத் தண்ணீரும் இறங்காது, காற்றும் இறங்காது. மேலே பச்சையாக இருக்கும். கீழே வேர் செத்துக்கொண்டிருக்கும். சுற்றிலும் மூன்றடி மண் விட்டால் கடைக்கு என்ன நஷ்டம்? நிழல் இருந்தால்தானே மத்தியானத்தில் வாடிக்கையாளர் நிற்பார்!

அரசாங்கம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இத்தனை ஆயிரம் கன்று நட்டோம் என்ற கணக்கு யாருக்கும் வேண்டாம். மூன்று வருஷம் கழித்து உயிரோடு நிற்பவை எத்தனை? அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு காண்டிராக்டருக்கு முழுப் பணத்தைக் கொடுக்கட்டும். வேரை அறுத்துப் பள்ளம் தோண்டுகிறவரிடம் அபராதம் வாங்கட்டும்.

புயலில் மரம் சாயும்போது, நட்டுவிட்டுப் போட்டோ பிடித்துக்கொண்டவர் அதன் அடியில் இருக்கமாட்டார். பஸ்சுக்குக் காத்து நிற்கும் குமாஸ்தாவும், தள்ளுவண்டிக்காரரும்தான் இருப்பார்கள்.

அடுத்த புயல் வருவதற்குள் சம்பந்தப்பட்டவர்கள் கவனிப்பார்களா?