‘டிப்ளமோ தானா?’



ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறோம். பந்தியில் பக்கத்து இலைப் பெரியவர் கேட்பார்: “தம்பி என்ன படிக்கிறீங்க?” “மெக்கானிக்கல் டிப்ளமோ, கடைசி வருஷம்ங்க.” “ஓ... டிப்ளமோ தானா?”

அந்த ‘தானா’ இருக்கிறதே, அதற்குப் பிறகு பாயசம் தொண்டையில் இறங்காது! உடனே நம்மில் பலர் அவசர அவசரமாக ஒரு வால் சேர்ப்போம்: “முடிச்சிட்டு பி.ஈ. சேரப் போறேங்க.” அவர் கேட்கவே இல்லை. நாமாகவே ஜாமீன் கொடுக்கிறோம். நான் யார் என்று சொல்லும் உரிமையை எதற்காக முன்பின் தெரியாதவர் கையில் தூக்கிக் கொடுக்க வேண்டும்?

நம்மைத் தேற்றுகிறவர்களும் உண்டு. விழா மேடைகளில் தவறாமல் ஜி.டி.நாயுடு வருவார். 1893-ல் கோவைப் பக்கம் கலங்கலில் பிறந்தார், பள்ளிப் படிப்பையே முடிக்கவில்லை, 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டித் தொடங்கினார்... மேதைதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு ஒரு மனத்தாங்கல். அவரைப் போல ஆனால்தான் மரியாதை என்றால், ஆகாத மீதிப்பேர் எங்கே போவது? தன்னைத் தனக்குப் பிடிப்பதற்கு மோட்டார் செய்து காட்ட வேண்டுமா என்ன?

எனக்குப் பிடித்தவர் வேறொருவர். ‘ஐடென்டிட்டி க்ரைசிஸ்’ என்ற சொல்லை உலகத்துக்குத் தந்த எரிக் எரிக்சன். 1902-ல் ஜெர்மனியில் பிறந்தார். பெற்ற தகப்பன் யாரென்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. வளர்த்தவர் ஒரு யூத டாக்டர். பொன்னிற முடி, நீலக் கண். யூதப் பிள்ளைகள் “நீ எங்க ஆள் இல்லே” என்றார்கள். பள்ளிக்கூடத்தில் மற்றவர்கள் “நீ யூதன்” என்றார்கள். மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி! படம் வரைந்துகொண்டு ஊர் ஊராகச் சுற்றி, 1927-ல் வியன்னாவில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்து வாத்தியாரானார். கல்லூரிப் பட்டம் வாங்கவே இல்லை. இருந்தது மாண்டிசோரி டிப்ளமோவும், ஆன்னா ஃப்ராய்டிடம் பெற்ற உளப்பகுப்பாய்வுப் பயிற்சியும். (டிப்ளமோ! நம்ம கட்சி!) 1939-ல் அமெரிக்கக் குடிமகன் ஆனபோது ‘எரிக்சன்’, அதாவது எரிக்கின் மகன், என்று பெயர் வைத்துக்கொண்டார்.

“அவரும் ஹார்வர்டில் பேராசிரியர் ஆனவர்தானே?” என்று மடக்குவீர்கள். ஆமாம். ஆனால் அவர் ஜெயித்த கதைக்காக இதைச் சொல்லவில்லை, அவர் சொன்ன விஷயத்துக்காகச் சொல்கிறேன். வளரிளம் பருவத்தின் முக்கிய வேலையே ‘நான் யார்’ என்று தேடுவதுதான். அந்தத் தடுமாற்றம் வியாதி இல்லை. தேடிப் பார்க்க இளைஞனுக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்றார். நமக்கு அந்த அவகாசம் கிடைத்ததா? பத்தாவது மார்க் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பதினைந்து வயசில், மெக்கானிக்கலா சிவிலா என்று முடிவு செய்தவர்கள் நாம். (பலருக்கு முடிவு செய்தது மாமா.)

சரி, தன்னை ஏற்றுக்கொள்வது என்றால் இப்படியே கிடப்பதா? இல்லை. நம் மெட்ராலஜி லேபிலேயே பதில் இருக்கிறது. மைக்ரோமீட்டரை மூடிப் பார்க்கிறோம். பூஜ்யத்தில் நிற்க வேண்டியது 0.03 மி.மீ. காட்டுகிறது. ஸீரோ எர்ரர்! அதைத் தூக்கியா எறிகிறோம்? இல்லை, எர்ரரே இல்லாதது போல் நடிக்கிறோமா? குறித்துக்கொண்டு, ஒவ்வொரு ரீடிங்கிலும் அந்த 0.03-ஐக் கழிக்கிறோம். அளவு சரியாக வருகிறது. எனக்கு இங்கிலீஷ் வைவா என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். டிராயிங் ஷீட்டில் கை நடுங்காது. இரண்டும் நான்தான். முதலாவதற்குத் தினமும் அரைமணி நேரம் சத்தம்போட்டுப் படிக்கிறேன். அதுதான் என் கரெக்‌ஷன். அதற்காகப் பக்கத்து பெஞ்ச் நண்பனைப் போலப் பேச முயன்றால் அது என் ரீடிங்கும் இல்லை, அவன் ரீடிங்கும் இல்லை.

என் வகுப்பில் பலர் பி.ஈ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரப் போகிறார்கள். டிசைன் மேல் நிஜமான ஆசை உள்ளவர்கள் அவசியம் சேரட்டும், கை தட்டி அனுப்புவோம். சித்தப்பாவின் வாயை அடைக்க மட்டும் சேருகிறவர்கள் கொஞ்சம் யோசியுங்கள். இன்னும் மூன்று வருஷம் படிக்கப் போவது சித்தப்பா இல்லை!

நான் சேரப் போவதில்லை. ஏதாவது ஒரு டூல் ரூமில் ஒரு வருஷம் அப்ரென்டிஸாகப் போவதாக இருக்கிறேன். அப்பாவிடம் இனிமேல்தான் சொல்ல வேண்டும்.