அகத்தியர் மலையும் ஏற இயலாத கால்களும்

ஜனவரி பிறந்துவிட்டால் போனக்காட்டில் வெளியூர் ஆட்களின் நடமாட்டம் மிகுந்துவிடும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் விதுராவைத் தாண்டி, மலைச்சரிவில் அமைந்த தேயிலைத் தோட்டம் அது. அகத்தியர்கூடத்துக்கு நடந்து செல்வோர் புறப்படும் இடம் அதுதான். 1,868 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்துக்கு ஒரே நாளில் போய்த் திரும்ப இயலாது. காட்டுவழியே நடந்து, அதிருமலை முகாமில் இரவு தங்கி, மறுநாள் உச்சிக்கு ஏற வேண்டும். வனத்துறையின் அனுமதி வேண்டும். உடல்நிலை தகுதியாயிருக்கிறது என்ற டாக்டர் சான்றிதழும் வேண்டும்.

இம்மலையில் யார் ஏறலாம் என்ற கேள்வி ஏற்கெனவே ஒருமுறை கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. பெண்களுக்கு இருந்த தடையைக் கேரள ஹைகோர்ட் 2018 நவம்பரில் நீக்கியது. 2019 ஜனவரியில் பெண்களும் ஏறினர். ஆனால் கால் ஊனமுற்றோர், மூட்டு தேய்ந்தோர், முதுமையால் தளர்ந்தோர் ஆகியோரின் கதி என்ன என்று எவரும் கேட்பதில்லை. தமிழ் முனிவர் என்று நாம் போற்றும் அகத்தியரின் மலை அவர்களுக்கு மட்டும் எட்டாக் கனிதானா?

இக்கேள்விக்கு அவசரப்பட்டு விடை கூறலாகாது. பழனியில் 1966 முதல் விஞ்ச் ஓடுகிறது; 2004-ல் ரோப்கார் வந்தது. 1,305 படிகள் கொண்ட சோளிங்கர் மலைக்கு 2024-ல் ரோப்கார் கிடைத்தது. அகத்தியர்கூடத்துக்கும் அப்படி ஒன்று அமைத்தால் என்ன என்று சிலர் எண்ணக்கூடும். அது தகாது. பழனியும் சோளிங்கரும் ஊரை ஒட்டிய கோயில் மலைகள். இதுவோ நெய்யாறு, பேப்பாறை வனவிலங்குச் சரணாலயங்களை அடுத்த அடர்காடு. 2001-ல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டு, 2016-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்த பகுதி. சிலர் உச்சியைத் தொடுவதற்காக அந்தக் காட்டை வெட்டுவதை எவரும் நியாயம் என்று சொல்லார்.

மலை மறுப்பது வேறு, மனிதர் மறுப்பது வேறு. இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதே இப்பிரச்னையின் மையம். செங்குத்தான பாறை மறுத்தால் வருத்தப்படலாம். வழக்குத் தொடுக்க முடியாது. உயரமான பஸ் படியும், உட்கார இடமில்லாத நிறுத்தமும், சக்கர நாற்காலி நுழையாத கழிப்பிடமும் மனிதர் வைத்த தடைகள். அவற்றை மனிதரே எடுக்கவும் முடியும்.

இதற்கு நல்ல உதாரணம் டில்லியில் கிடைத்தது. 2001 ஜனவரியில் விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் அங்கு வந்தார். சக்கர நாற்காலியில் வாழ்ந்த அவர் பழஞ்சின்னங்களைக் காண விரும்பினார். ஊனமுற்றோர் உரிமைக்காகப் பாடுபட்டவர்கள் வற்புறுத்தியதன் பேரில், தொல்லியல் துறை குதுப்மினார் உள்ளிட்ட சில இடங்களில் மரச் சாய்தளங்களை அமைத்தது. நூற்றாண்டுகளாக நிற்கும் கட்டடங்களில் ஒரு கல்லும் பெயரவில்லை. ஆனால் வழி பிறந்தது. உலகப் புகழ் பெற்றவருக்காகப் போட முடிந்த பலகையை உள்ளூர்க் குமாஸ்தாவின் தாயாருக்காக ஏன் முன்பே போடவில்லை என்பதே அன்று எழுந்திருக்க வேண்டிய கேள்வி.

வெளிநாடுகளிலும் இதே கதைதான். ஏதென்ஸ் நகரின் அக்ரோபொலிஸ் குன்றில் 2020 டிசம்பரில் புதிய லிப்ட் திறக்கப்பட்டது. ஜோர்டான் பாலைவனத்தில் உள்ள பெட்ரா நகருக்குள் போக, பாறைப் பிளவினூடே 1 கிலோமீட்டருக்கு மேல் செல்ல வேண்டும். நடக்க இயலாதோர் இப்போது மின்சார வண்டியில் போகலாம். ஆயினும் பெட்ராவின் மடாலயத்துக்கு நூற்றுக்கணக்கான படிகள் இருக்கவே செய்கின்றன. எல்லா இடத்துக்கும் எல்லாரையும் கொண்டு சேர்க்க முடியாதுதான். முடிந்த தூரம் வரையிலாவது கொண்டு சேர்க்கலாம் அல்லவா?

மணலிலும் இது சாத்தியமே. சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை திறந்தார்கள். அலையை அருகில் கண்டிராத பலர் அன்று கண்டார்கள். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, பிறகு சீர்செய்யப்பட்டது. கட்டித் திறப்பதோடு வேலை முடிவதில்லை, பராமரிப்பும் வேண்டும் என்பது இதில் கிடைக்கும் பாடம்.

சட்டம் நம் பக்கமே இருக்கிறது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கட்டடம், போக்குவரத்து ஆகியவற்றோடு பண்பாடு, பொழுதுபோக்கு வசதிகளையும் குறிப்பிடுகிறது. பழைய பொதுக் கட்டடங்களைச் சீர்செய்ய ஐந்தாண்டு கெடுவும் வைத்தது. அந்தக் கெடு 2022-ல் முடிந்துவிட்டது. 2024 நவம்பர் 8-ந் தேதி சுப்ரீம் கோர்ட் ஒரு முக்கியத் தீர்ப்பு அளித்தது. இவ்வசதிகள் பற்றிய விதி வெறும் சிபாரிசாக இருப்பது செல்லாது என்றும், கட்டாய விதிகளை மூன்று மாதத்துக்குள் வகுக்க வேண்டும் என்றும் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. 2011 மக்கள் தொகைக் கணக்குப்படியே இந்நாட்டில் 2.68 கோடி ஊனமுற்றோர் உள்ளனர். முதுமையில் கால் தளர்ந்தவர்களையும் சேர்த்தால் இது ஒவ்வொரு வீட்டுப் பிரச்னையும் ஆகிறது.

போனக்காட்டுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். ஜனவரியில் வருகிறவர்கள் மலையேறிவிட்டுப் போய்விடுவார்கள். பன்னிரண்டு மாதமும் அங்கே இருப்பவர்கள் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். தோட்டம் நலிந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன, லயங்களும் பழுதடைந்துள்ளன. சரிவில் நின்று கொழுந்து கிள்ளியே முழங்கால் தேய்ந்தவர்கள் அகத்தியர் காலடியிலேயே வாழ்ந்தும் அவரைக் காண ஏற இயலாதவர்கள். அது போகட்டும்; ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் ஏறுவதே அவர்களுக்கு மலையேற்றமாக இருக்கலாகாது. பயணிக்காக அமைக்கும் சாய்தளம் தொழிலாளிக்கும் பயன்படும். தொழிலாளிக்காகச் செப்பனிடும் பாதை பயணிக்கும் பயன்படும். இரண்டும் ஒரே செலவுதான்.

ஆகவே, கோரிக்கை சிகரத்தைப் பற்றியதாக இருக்க வேண்டியதில்லை. தாழ்ந்த படியுள்ள பஸ், மேற்கூரையுள்ள நிறுத்தம், கைப்பிடியுள்ள கழிப்பிடம், மலைத்தொடரைப் பார்க்கும்படி சமதளத்தில் ஓர் இடம், எதுவரை வண்டி போகும், எத்தனை படி ஏற வேண்டும் என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய அறிவிப்புப் பலகை ஆகியவை போதும். இவற்றால் காட்டில் ஒரு மரமும் விழாது.

வயதான பெற்றோரை அழைத்துச் செல்ல நினைக்கும் நம்மவர்கள், புறப்படும் முன்பே இவ்விவரங்களைக் கேட்டறிவது நல்லது. மலையைக் கண்ணால் கண்டால் போதும் என்போருக்கு, 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வண்டியிலேயே செல்லக்கூடிய பொன்முடி பக்கத்திலேயே இருக்கிறது. அகத்தியரை வழிபட வேண்டும் என்போருக்கு, இதே மலையின் தமிழ்நாட்டு அடிவாரத்தில், சிவபெருமானின் திருமணக் கோலத்தை அவர் கண்டதாகப் புராணம் கூறும் பாபநாசம் கோயில் இருக்கிறது.

வசதி மறுக்கப்பட்டால் வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு மனு கொடுக்கலாம். கேரளத்தில் அந்த அலுவலகம் திருவனந்தபுரத்திலேயே உள்ளது. இடம், தேதி, இருந்த தடை மூன்றையும் தெளிவாக எழுதினால் போதும். தனி ஒருவர் எழுதுவதைவிட, சங்கத்தின் சார்பில் பத்துப் பேர் கையெழுத்திட்டு அனுப்பும் மனுவுக்குப் பலன் அதிகம்.