சனிக்கிழமை சம்பளம் இல்லாத வேலை!

திருப்பூர் நல்லூரில் பீஸ் தைத்தவருக்குச் சனிக்கிழமை சம்பளம் உண்டு. தராமல் இழுத்தடிக்கிற முதலாளியை ஊர் சும்மா விடுமா?

கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்க இ-கலப்பை, படம் பார்க்க வி.எல்.சி. இவற்றைக் காசில்லாமல் யாரும் எடுத்துக்கொள்ளலாம். எப்படி எழுதப்பட்டது என்பதிலும் ஒளிவு மறைவு இல்லை. இப்படி இலவச சாப்ட்வேர் எழுதுகிறவர்களில் பலருக்குச் சனிக்கிழமையே கிடையாது. வி.எல்.சி.யை நடத்தும் பிரான்ஸ் நாட்டுச் சங்கம் நன்கொடை கேட்கிறது. இதைப் பிச்சை என்று முகம் சுளிப்பது நியாயமா?

"பெரிய கம்பெனிகள் கொடுக்கட்டுமே" என்பார்கள். அந்த லட்சணமும் தெரிந்ததுதான். இணையத்தில் பாஸ்வேர்டும் பாங்கி விவரமும் திருடு போகாமல் காக்கும் இலவசப் பூட்டு ஓப்பன் எஸ்.எஸ்.எல். அதற்கு வந்த நன்கொடை ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான்! முழு நேரமும் கவனித்தவர் ஒரே ஒருவர். 2014 ஏப்ரலில் பூட்டில் ஓட்டை இருப்பது அம்பலமானது. உலகமே கதிகலங்கியது. அதன் பிறகுதான் கூகுள், மைக்ரோசாப்ட் போன்ற கம்பெனிகள் மடியை அவிழ்த்தன.

எல்லோரும் அடுத்தவர் கொடுப்பார் என்று இருந்தால் பூட்டுக்கு எண்ணெய் போடுவது யார்?

தினமும் உபயோகிக்கிறவர்கள் வருஷத்துக்கு ஒரு வாரத்து டீக்காசு கொடுக்கலாம். அதை வைத்துத் தொழில் நடத்துகிறவர்கள் கூடுதலாகவே கொடுக்க வேண்டும். ஆனால் உஷார்! வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் கியூ.ஆர். கோடுக்குப் பணம் போட்டு ஏமாறக் கூடாது. அந்தந்த சாப்ட்வேரின் சொந்த இணைய முகவரியில் மட்டுமே கொடுக்க வேண்டும்.

கோவில் உண்டியலுக்கு நீளும் கை, இந்த உண்டியலுக்கும் கொஞ்சம் நீளட்டும்!