எழுதியவருக்கே தெரியாது

மாதச் சந்தா கட்டிப் பார்க்கும் ஒரு செயலியில், நான் பாதிவரை வந்திருந்த ஒரு தொடரின் முகப்புப் படத்தை இந்த வாரம் மாற்றிவிட்டார்கள். நேற்றுவரை கதாநாயகனும் அவன் அண்ணனும் தோள்மேல் கைபோட்டு நின்ற இடத்தில், இன்றைக்கு அண்ணனின் போட்டோ, அதற்கு மாலை, கீழே ஒரு விளக்கு. நானோ நான்காவது எபிசோடில் அந்த அண்ணனின் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டுக்கொண்டிருந்தேன். தொடரின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அவர்கள் செய்த பாவம் எனக்கும் ஒட்டிக்கொள்ளும்.

படம் ஓடும்போதே கொலைகாரன் யாரென்று பக்கத்து சீட்டுக்குச் சொல்கிறவர்கள், டைட்டில் பாட்டை ஓட்டிவிடுகிறவர்கள், இரண்டு பேருக்கும் இந்தப் பத்தியில் போதுமான சாபம் விட்டாயிற்று. இந்த வாரம் மூன்றாவது கோஷ்டியாக இந்தச் செயலிக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு, ஸ்பாய்லர் தடுப்புச் சட்டம் என்ற என் பழைய கோரிக்கையைத் தூசி தட்டுவதாகத்தான் உத்தேசம். முதல் பத்தியைத் தாண்டியதும் ஒரு சங்கடம் வந்து உட்கார்ந்துகொண்டது. அண்ணன் செத்துப்போவான் என்று தெரிந்ததும் அந்தத் தொடரைத் திறக்க எனக்கு மனமே வரவில்லை. அப்படியானால் முடிவு முழுக்கத் தெரிந்தும் நான் வருஷா வருஷம் பார்க்கிற தொடர் எப்படி அலுக்காமல் இருக்கிறது?

ஆமாம், மறுபடியும் பிரேக்கிங் பேட். பெருமூச்சு விடுகிறவர்கள் விட்டுக்கொள்ளலாம். 2013இல் முடிந்துபோன தொடர் அது. இன்னும் பார்க்காதவர்கள், இனிமேல் பார்க்கும் எண்ணமிருந்தால், இப்போதே ராசிபலன் பக்கத்துக்குப் போய்விடுங்கள். இதற்குக் கீழே நான் எதையும் ஒளித்துவைக்கப் போவதில்லை.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஆல்புகர்க்கி என்ற ஊர். அங்கே வால்டர் ஒயிட் என்ற வேதியியல் வாத்தியார். நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்ததும் குடும்பத்துக்குப் பணம் சேர்க்க, பழைய மாணவன் ஜெஸ்ஸியைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு போதைப்பொருள் காய்ச்ச ஆரம்பிக்கிறார். 2008இலிருந்து ஐந்து சீசன், 62 எபிசோடு. அலுக்காததற்குக் காரணம், அடுத்து என்ன என்று எழுதியவர்களுக்கே தெரியாமல் இருந்ததுதானோ என்னவோ. இதில் ஜெஸ்ஸியை முதல் சீசனின் முடிவிலேயே கொன்றுவிடுவதாகத்தான் தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகனின் கணக்கு. வாத்தியாருக்குத் தொழிலைக் காட்டிக்கொடுத்துவிட்டு, செத்து, அவர் தலையில் கொஞ்சம் குற்றவுணர்ச்சியையும் ஏற்றிவிட்டுப் போகவேண்டிய பையன். ஆரன் பால் நடித்ததைப் பார்த்தார்கள், கணக்கு மாறிவிட்டது. அந்த நேரத்தில் நடந்த எழுத்தாளர் வேலைநிறுத்தத்தால் சீசன் ஏழு எபிசோடோடு நின்றுபோனதும், அதனால்தான் பையன் பிழைத்தான் என்று ரசிகர்கள் நடுவே ஒரு கதை கிளம்பியதும் உண்டு. அதற்கெல்லாம் முன்னாலேயே, இரண்டாவது எபிசோடு எடுக்கும்போதே மனம் மாறிவிட்டது என்று கில்லிகன் சொல்லியிருக்கிறார்.

சாகவேண்டியவன் சாகவில்லை. அதனால் கதையே வேறாகிவிட்டது. அவன் உயிரோடு இருப்பதால்தான் வால்டர் அவனிடம் பொய் சொல்லவேண்டியிருக்கிறது, அவனைக் காப்பாற்றவேண்டியிருக்கிறது, அவன் காதலி ஜேன் மயக்கத்தில் வாந்தியெடுத்துத் திணறும்போது கட்டிலருகே நின்று கைகட்டிப் பார்க்கவேண்டியிருக்கிறது. தொடரில் எனக்கு இன்றும் அடிவயிறு கலங்குகிற இடம் அது. அங்கே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். எந்த நொடியில் அவர் கை நீண்டு, பின்வாங்கும் என்பதுகூடத் தெரியும்.

இன்னொரு விபத்து, டூகோ. இரண்டாவது சீசனைத் தாங்கவேண்டிய வில்லன் அவன்தான். நடித்த ரேமண்ட் குரூஸுக்கு வேறொரு தொடரில் நிரந்தர வேடம் இருந்தது. அது போதாதென்று இந்த ஆவேச வேடம் ஆளையே உலுக்கியது. சீக்கிரம் கொன்றுவிடுங்கள் என்று அவரே கேட்டுக்கொண்டார். கொன்றார்கள். வில்லன் நாற்காலி காலி. அதில் இன்னொரு டூகோவை உட்காரவைப்பது சுலபமாக இருந்திருக்கும். அவர்கள் நேர் எதிர்த்திசையில் போனார்கள். கத்தாத, சட்டை கசங்காத, கோழிக்கடை கவுண்ட்டரில் நின்று வாடிக்கையாளர்களைப் புன்னகையோடு விசாரிக்கிற, போதைத் தடுப்புத் துறைக்கே நன்கொடை தருகிற கஸ் ஃப்ரிங் வந்தார். டூகோ இருந்திருந்தால் அவருக்கு இடமே இருந்திருக்காது.

அதைவிட எனக்குப் பிடித்தது மைக் பிறந்த கதை. ஜேன் செத்துக் கிடக்கிற காலையில், ஜெஸ்ஸியின் வீட்டுக்கு வந்து தடயங்களைத் துடைத்து, போலீசிடம் என்ன சொல்லவேண்டும் என்று அவனுக்குப் பாடம் எடுக்கவேண்டியவர் வக்கீல் சால் குட்மேன். அந்த வேடத்தில் நடித்த பாப் ஓடன்கர்க்குக்கு அந்தத் தேதியில் வேறு படப்பிடிப்பு. கால்ஷீட் பிரச்சினை, அவ்வளவுதான். சரி, வக்கீல் ஓர் ஆளை அனுப்பட்டும் என்று எழுதினார்கள். ஜொனதன் பேங்க்ஸ் வந்தார், சலிப்பான முகத்தோடு வேலையை முடித்தார், போய்விட்டார். பார்த்தவர்கள் யாராவது விடுவார்களா? யோசித்துப்பாருங்கள், அப்படிப்பட்ட வீட்டுக்கு எந்த வக்கீல் தானே நேரில் வருவான்? அந்தக் காட்சிக்கு மைக்தான் பொருத்தம். ஓடன்கர்க் அன்றைக்கு ஓய்வாக இருந்திருந்தால் அது யாருக்கும் தோன்றியிருக்காது.

இங்கேதான் எனக்கு நம் ஊர் ஞாபகம் வந்து, அடங்கியிருந்த கோபம் மறுபடி கிளம்புகிறது. நம் சின்னத்திரையிலும் நடிகர்கள் தொடரை விட்டுப் போகிறார்கள். சினிமா வாய்ப்பு, பிரசவம், சம்பளத் தகராறு, சில சமயம் மரணம். உடனே திரையில் ஒரு வரி வரும்: இவருக்குப் பதில் இவர். அதே புடவை, அதே தாலி, வேறு முகம். மாமியார் கண்டுகொள்வதில்லை. நாத்தனாருக்குச் சந்தேகமே வருவதில்லை. கட்டிய புருஷன், ஒரே ஒரு தடவை, "யாரம்மா நீ?" என்று கேட்டிருந்தால் அன்றைக்கே அது உலகத்தரமான தொடராகியிருக்கும். அமெரிக்காவில் நடந்த அதே விபத்துதான். அவர்கள் அதைக் கதையின் காதில் போட்டார்கள், நாம் அறிவிப்புப் பலகை எழுதினோம்.

நியாயமாகவும் பேசவேண்டும். அங்கே வருஷத்துக்குப் பதின்மூன்று எபிசோடு. இங்கே வாரத்துக்கு ஆறு. இன்று எழுதியது நாளை படப்பிடிப்புக்குப் போகும்போது, சுவரில் அட்டை குத்தி வைத்துக்கொண்டு யோசிக்க எந்த எழுத்தாளருக்கு நேரமிருக்கிறது? வாரம் ஒருமுறை வந்த காலத்தில் இந்திரா சௌந்தர்ராஜனும் நாகாவும் சேர்ந்து மர்மதேசத்தில் நம்மை எப்படி உட்காரவைத்தார்கள்! சன் டிவியில் அது முடிகிற நேரத்துக்குத் தெருவில் இறங்கி நடக்கப் பயந்த ஆட்களில் நானும் ஒருவன். இப்போது அந்த இடத்தில் திடுக்கிடவைக்க இருப்பதெல்லாம் ஒரே முகத்தை மூன்று தடவை காட்டுகிற கேமராவும் இடிச் சத்தமும்தான். புரோமோவில் கழுத்தில் கத்தி வைக்கிறார்கள்; திங்கட்கிழமை பார்த்தால் அது கனவு.

எல்லாவற்றையும் முன்கூட்டியே திட்டமிட்டால் சரியாகிவிடுமா என்றால், அதற்கும் பிரேக்கிங் பேடிலேயே பதில் இருக்கிறது. இரண்டாவது சீசனை மட்டும் கடைசிக் காட்சிவரை முதலிலேயே தீர்மானித்துவிட்டு எழுதினார்கள். நீச்சல் குளத்தில் மிதக்கும் இளஞ்சிவப்புக் கரடி பொம்மை ஆரம்பத்திலிருந்தே வந்து வந்து மிரட்டும். கடைசியில் வால்டரின் வீட்டுக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதிக்கொள்கின்றன. ஜேனின் அப்பா விமானக் கட்டுப்பாட்டு அதிகாரி, மகள் போன துக்கத்தில் கவனம் பிசகிவிட்டார். நான்கு எபிசோடுகளின் தலைப்பைச் சேர்த்துப் படித்தால் விமானம் விழப்போவது ஏற்கெனவே எழுதியிருக்கும். கெட்டிக்காரத்தனம்தான், கைதட்டலாம். இருந்தாலும் ஐந்து சீசனிலும் எனக்குக் கொஞ்சம்கூட ஒட்டாத திருப்பம் அது ஒன்றே. அங்கே மட்டும் எழுதியவரின் கை கண்ணில் படுகிறது.

கடைசி சீசனில் அதற்கு நேர்மாறாகச் செய்தார்கள். 2012 ஜூலையில் வந்த முதல் காட்சி. தாடியும் கலைந்த முடியுமாக வால்டர் ஓர் உணவகத்தில் உட்கார்ந்து, பன்றிக்கறித் துண்டுகளை ஒடித்துத் தட்டில் 52 என்று அடுக்குகிறார். அன்றைக்கு அவருக்குப் பிறந்தநாள். வெளியே கார் டிக்கியில் எம்60 இயந்திரத் துப்பாக்கி. அது யாரைச் சுடப்போகிறது என்று காட்சியை எழுதியவர்களுக்கே அப்போது தெரியாது! படம் பிடித்து ஒளிபரப்பியும் ஆயிற்று, இனி துப்பாக்கியைத் திரும்ப வாங்க முடியாது. விடை கிடைக்க அவர்கள் பட்ட பாட்டைக் கில்லிகன் பேட்டிகளில் சொல்லிக் கேட்கவேண்டும். புற்றுநோய்க்காரக் கிழவர் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடினால் சிரிப்பார்கள். ஆனால் அவர் விஞ்ஞானி ஆயிற்றே. கராஜ் கதவைத் திறக்கிற மோட்டாரில் துப்பாக்கியைப் பூட்டி, டிக்கிக்குள் வைத்து, கார் சாவியில் இருக்கிற பொத்தானை அழுத்துகிறார். முதல் சீசன் வால்டர் செய்திருக்கக்கூடிய வேலை.

எதற்கென்று தெரியாமலே காட்சியை எடுத்துவைக்கிற விஷயத்தில் ஆதி குரு டேவிட் லிஞ்ச்தான். ட்வின் பீக்ஸின் முன்னோட்ட எபிசோடு எடுக்கும்போது, செத்துப்போன பெண் லாராவின் அறையில் மேஜை நாற்காலி நகர்த்திக்கொண்டிருந்தார் ஃபிராங்க் சில்வா என்ற அரங்கப் பொருள் பணியாளர். லிஞ்ச் அவரைப் பார்த்தார், கட்டில் கால்மாட்டில் ஒளிந்து உட்காரச் சொல்லி ஒரு ஷாட் எடுத்துவைத்தார். எதற்கு என்று அவருக்கே தெரியாது. பிறகு லாராவின் அம்மா அலறி எழுகிற காட்சியை எடுத்து முடித்ததும், கண்ணாடியில் யாரோ தெரிகிறார்கள், மறுபடி எடுக்கவேண்டும் என்றார் ஒளிப்பதிவாளர். யார் என்று கேட்டார் லிஞ்ச். ஃபிராங்க். மறுபடி எடுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டார். பாப் என்ற அந்தப் பேய் அப்படித்தான் பிறந்தது. 1990இல் பார்த்தவர்கள் தூக்கம் கெட்டார்கள். லாராவைக் கொன்றது யார் என்பதைச் சொல்லவே லிஞ்சுக்கு இஷ்டமில்லை. சேனல் நெருக்கி இரண்டாவது சீசன் நடுவில் சொல்லவைத்தது. அடுத்த வருஷம் தொடரே நின்றுபோயிற்று.

தெரியாமல் எழுதுவது மட்டுமே போதும் என்றால் லாஸ்ட்தான் உலகின் தலைசிறந்த தொடராக இருந்திருக்கும். (அதன் ரசிகர்கள் கடிதம் போடுவார்கள், போடட்டும்.) போட்ட முடிச்சுக்குப் பொறுப்பேற்கவும் வேண்டும். கேம் ஆஃப் த்ரோன்ஸைப் பற்றிப் பேசமாட்டேன். அந்தக் காயம் 2019இல் பட்டது, இன்னும் ஆறவில்லை.

பொறுப்பேற்பது எப்படி என்பதற்கு, சால் குட்மேன் முதன்முதலில் தலைகாட்டிய எபிசோடைப் பாருங்கள். 2009. முகமூடி போட்ட இருவர் அவரைப் பாலைவனத்துக்குக் கடத்திப்போய், வெட்டிய குழிக்கு முன்னால் நிறுத்துகிறார்கள். வால்டரும் ஜெஸ்ஸியும்தான், சாலுக்குத் தெரியாது. அவர் பதறிப்போய், நானில்லை, இக்னேசியோதான் என்கிறார். லாலோ அனுப்பிய ஆட்கள் இல்லையா என்றும் கேட்கிறார். இக்னேசியோ யார், லாலோ யார்? தொடர் முடியும்வரை பதிலே கிடையாது. சாலின் முன்கதையாக பெட்டர் கால் சால் 2015இல் தொடங்கியபோது, முதல் சீசனிலேயே இக்னேசியோ வந்துவிட்டான், செல்லப்பெயர் நாச்சோ. லாலோ வந்தது 2018இல். டோனி டால்டன் மீசையை முறுக்காமலேயே மிரட்டினார். 2022 மே மாதம், தன் மானம் போன ஆத்திரத்தில் சாலின் வீட்டுக்கு நியாயம் கேட்க வந்த ஹோவர்ட் என்ற வக்கீலை, கடத்தல் கும்பலைப் பற்றி ஒன்றுமே அறியாத அந்த மனிதரை, கதவைத் திறந்து வந்த லாலோ சுட்டுத் தள்ளினான். நான் எழுந்து நின்றுவிட்டேன். திரும்பப் பார்த்தபோதும் நின்றேன்.

உயிர்பயத்தில் ஒரு வக்கீல் உளறட்டும் என்று அந்த இரண்டு பெயர்களை எழுதியவர் பீட்டர் கோல்ட். பெட்டர் கால் சாலைக் கில்லிகனோடு சேர்ந்து உருவாக்கியவரும் அவர்தான். லாலோ யார் என்று ஒன்பது வருஷம் கழித்துக் கண்டுபிடிக்கிற வேலை அவர் தலையிலேயே விழுந்தது.