எண்ணில் இல்லை எழில்

18ஆம் நூற்றாண்டில் நெசவாளர்க்கென அமைந்த சின்னத்தறிப்பேட்டையே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பர். துணியை விலைச்சீட்டால் அன்றி, விரலால் தொட்டு மதித்தவர் வாழ்ந்த பேட்டை இது. இதன் அருகே, ரிச்சி தெருவின் மின்னணு அங்காடிகளில் டிஜிட்டல் கேமரா தேடும் மாணவரை முதலில் மயக்குவதோ ‘மெகாபிக்சல்’ என்னும் எண்!

ஆறுக்கு நான்கு அங்குலப் படத்தைத் தெளிவுற அச்சிட ஏறத்தாழ 22 இலட்சம் புள்ளிகள் போதும். பன்னிரண்டுக்கு எட்டு அங்குலத்திற்கும் 86 இலட்சமே. அதற்குமேல் எண்ணைப் பெருக்கிப் பயன் என்ன? ஒளியை ஏற்கும் உணரியின் பரப்பன்றோ முதன்மையானது! மலிவான சிறு கேமராவில் பெரும்பாலும் காணும் உணரியினும், லென்ஸ் மாற்றத்தக்க ஏபிஎஸ்-சி வகைக் கேமராவின் உணரி ஏறத்தாழ 13 மடங்கு பரந்தது. கூவக்கரையின் அந்தி மங்கலிலும் அது முகத்தை முகமாகக் காட்டும்.

ஆதலின், அதே விலைக்குப் புதிய சிறு கேமராவினும் நன்னிலையிலுள்ள பழைய பெருங்கேமராவும் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றுமே மேல் என்பது எம் கருத்து. ஆயினும் விழிப்பு வேண்டும். லென்சின் துளையைச் சுருக்கி வெண்சுவரைப் படமெடுத்துக் கறை உளதா எனப் பார்க்க வேண்டும். ஷட்டர் எத்தனை முறை இயங்கியது எனக் கேட்டறிய வேண்டும். இரசீதின்றி வாங்கலாகாது, திருட்டுப் பொருளாயின் பழி வாங்கியவரையும் சேரும்.

பொழுதுபோக்கு, தந்தையின் தோளில் கடனாக ஏறலாகாது. கருவி பழையதாயினும் பார்வை புதியதாகுக!