குடும்ப நலம்: களைத்த குழந்தையைக் கடிந்துகொள்ளாதீர்



வருசநாட்டு மலையடிவாரத்திலிருந்து மதுரைக்குப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குச் செல்லும் குழந்தை, ஆண்டிபட்டி, கடமலைக்குண்டு வழியாகப் பேருந்தில் வீடு திரும்பியதும் பாயில் சாய்ந்துவிடும். மறுநாளும் எழ இயலாது. இது சோம்பல் அன்று. இரத்தச் சோகை, மருந்துகளின் வேகம், உறக்கக் குறைவு, உணவில் வெறுப்பு, அச்சம் ஆகிய யாவும் சேர்ந்து விளைவிக்கும் களைப்பு.

அடையாறு புற்றுநோய் நிலையம் தொடங்கப்பெற்ற 1954-இல், இரத்தப் புற்றுநோயுற்ற சிறுவர் பிழைப்பது அரிது. இன்று பலர் நலமடைகின்றனர். ஆனால் சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் நீளும். பிள்ளையின் வாட்டத்தைக் கண்டு இடையில் நிறுத்திவிடுவது பேரிழப்பு.

நாள் முழுதும் படுத்தே இருந்தால் தசைகள் நலிந்து களைப்பு பெருகும். ஆகவே 2018-இல் வெளிவந்த பன்னாட்டு மருத்துவ நெறிமுறை, இச்சிறுவருக்கு உடலியக்கத்தையும், உடலையும் மனத்தையும் தளர்த்தும் பயிற்சிகளையும் பரிந்துரைத்தது. எளிய யோகப் பயிற்சியில் இவ்விரண்டும் அடங்கும்.

முதலில் மருத்துவரின் இசைவைப் பெறுங்கள். பிள்ளையை மல்லாந்து படுக்கச் செய்து, வயிற்றின்மேல் மடித்த கைக்குட்டை ஒன்றை வையுங்கள். மூச்சோடு அது உயர்ந்து தாழ்வதைப் பிள்ளை எண்ணட்டும். பின்பு அமர்ந்தபடியே கைகளை மெல்ல உயர்த்தி இறக்கட்டும். பத்து நிமிடம் போதும். களைத்தால் உடனே நிறுத்துங்கள். தலைகீழ் ஆசனங்களும், மூச்சை அடக்குதலும் வேண்டா. காய்ச்சல் கண்டால் பயிற்சியை விடுத்து, அந்நேரமே மருத்துவமனைக்கு விரையுங்கள். யோகம் நோயை நீக்காது. மருந்துக்கு மாற்றும் ஆகாது.

“இது பிற சமய வழிபாடன்றோ?” எனச் சிலர் தயங்கலாம். கிறிஸ்தவத் தியானம் குறித்து விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1989-இல் விடுத்த மடல், உடல் உணரும் அமைதியைத் தூய ஆவியாரின் ஆறுதலென மயங்கலாகாது என எச்சரித்தது. எனினும் உடல் நிலையும் மூச்சும் செபத்திற்குத் துணையாகலாம் என்பதை மறுக்கவில்லை. நாம் இங்கு நாடுவதோ, நோயுற்ற பிள்ளையின் இளைப்பாறுதல் மட்டுமே.

சூரைச் செடியடியில் சோர்ந்து கிடந்த எலியாவை வானதூதர் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் நீரும் தந்தார். மீண்டும் உறங்க விட்டார். அதன் பின்னரே, நெடுவழிப் பயணத்திற்கு எழுப்பினார். நம் இல்லங்களிலும் ஓய்வு, உணவு, சிறு அசைவு என அதே வரிசையில் பொறுமை காப்போம். அத்தகைய பிள்ளை உங்கள் பங்கில் இருந்தால், அவ்வீட்டின் சமையலையோ பேருந்துத் துணையையோ ஒரு நாளேனும் ஏற்றுக்கொள்ளுங்கள், தாயும் களைத்திருப்பாள்.